அண்ணன் கழுத்தில் ஒரு மெடல்

நவம்பர் 2, ஞாயிறு

லோகு அண்ணனின் பையை நான்தான் கட்ட வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டான். அம்மா கட்டினால் பாதிப் பை சமையலறையாகிவிடும் என்று அவனுக்குப் பயம்.

"பாப்பா, திங்கறது ஒண்ணும் உள்ள போவக் கூடாது. மாஸ்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. நீதான் பொறுப்பு" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அண்ணன் பளு தூக்குகிறவன். தாஷ்கண்டில் நடக்கும் இளையோர் போட்டிக்கு, எங்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து அவன் ஒருவன்தான் போகிறான். பயிற்சி கொடுக்கும் மாஸ்டரும் கூடப் போகிறார். அறுபது கிலோ பிரிவு. கம்பியைத் தூக்குவதற்கு முன்னால் அவனையே எடை போடுவார்களாம். அறுபதுக்கு மேல் கொஞ்சம் காட்டினாலும் மேடையில் ஏற விட மாட்டார்களாம். அதனால் ஆறு மாதமாக வீட்டில் அவனுக்குச் சோறு கிடையாது. முட்டையின் வெள்ளைக் கரு அவனுக்கு. மஞ்சள் கரு எனக்கும் அம்மாவுக்கும். மஞ்சள் கருவில் வெங்காயம் போட்டு, மிளகு போட்டு, குழம்பு வைத்து, எல்லா விதமாகவும் தின்றாகிவிட்டது.

கம்பளி பனியன், இரண்டு துண்டு, பெல்ட், ஷூ, சாமி படம் எல்லாம் வைத்தேன். மாலையில் அம்மா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். ரவா உருண்டை.

"அடியில வெச்சிடுடி. கண் காணாத ஊர்ல என் புள்ள எதத் தின்னுவான்? அவன் பாக்கறதுக்குள்ள அங்க போய்ச் சேந்திருப்பான்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டுக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணன் போய்விட்டான். அண்ணனின் கூட்டாளி இம்தியாஸ் அண்ணாவின் ஆட்டோவில் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனோம். தெருவே பின்னால் பைக்கில் வந்தது. ரயில் நகரும்போது இம்தியாஸ் அண்ணா பிளாட்பாரத்தில் கூடவே ஓடி, "மச்சான், மெடல் இல்லாம வந்தே, ஆட்டோல ஏத்த மாட்டேன்" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். எனக்கு மட்டும் பையின் ஞாபகமாகவே இருந்தது.

அங்கிருந்து நேராக வேலைக்குப் போனேன். வேலாயுதம் அண்ணன் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்து, வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். அதனால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் என்னை 'மியூட்டு' என்று கூப்பிட்டார்கள். பத்தாவது அரையாண்டோடு நின்றுவிட்டேன். படிப்பு ஏறவில்லை.

நவம்பர் 5, புதன்

சென்னையிலிருந்து பறந்து, டெல்லியில் அடுத்த விமானமும் ஏறிவிட்டான். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகும்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று வீடியோவில் பேசினான். அம்மாவின் போனைத் தெருக் குழாயடியில் சுவரில் சாய்த்து வைத்தோம். ஆளாளுக்கு முகத்தை நுழைத்தார்கள்.

"லோகு, பனி எங்கடா? காட்டுடா" என்றாள் எதிர்வீட்டு ராணி அக்கா.

"இன்னும் கொட்டலக்கா. குளிர் மட்டும்தான்."

"பனியே இல்லாத ஊருக்கா இவ்ளோ தூரம் போனே? நம்ம ஏலகிரிக்குப் போயிருக்கலாமே!"

அண்ணன் போனைத் திருப்பி அகலமான சாலையையும், இலை கொட்டிப் போன மரங்களையும், ஒரு பெரிய வட்ட ரொட்டியையும் காட்டினான். ரொட்டி முறம் அளவு இருந்தது. கறியில் மிளகாயே போட மாட்டார்களாம். மாஸ்டருக்கு வேறு அறை. பயிற்சி முடிந்து தன் அறைக்கு வந்தால் மொழி தெரிந்து பேச ஆளில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் ஒரு மாதிரி ஆனது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் நகர்ந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"பைக்குள்ள யாரு வெச்சது?"

"அம்மா" என்றேன்.

"மாஸ்டர் பாத்தா அவ்ளோதான். யாருக்காவது குடுத்துட்றேன்."

"ஒண்ணே ஒண்ணு தின்னுட்டுக் குடுண்ணா" என்றேன்.

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்காக அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிறானாலும் கடை உண்டு. இம்தியாஸ் அண்ணாவும் கூட்டாளிகள் நாலு பேரும் வந்தார்கள். அண்ணன் திரும்பி வரும்போது தெருமுனையில் வைக்க ஃபிளெக்ஸ் வேண்டுமாம்.

"இன்னும் வெளையாடவே இல்லியேப்பா" என்றார் வேலாயுதம் அண்ணன்.

"அண்ணே, கல்யாண சீசன். கடைசி நேரத்துல வந்தா மிஷின் பிஸின்னு சொல்லுவீங்க. டிசைன இப்பவே முடிச்சி வெச்சிடலாம்."

"ஜெயிக்கலன்னா?"

"வாய் வெக்காதீங்கண்ணே! எங்க லோகு ஆறு மாசமா சோறு திங்கல."

பிறகு சண்டை யாருடைய போட்டோ எங்கே வருவது என்பதில். ஓரத்தில் வட்ட வட்டமாக நண்பர்கள் முகம் வர வேண்டும். ஒருவன் தன் வட்டம் சின்னதாக இருக்கிறது என்றான். இன்னொருவன் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோதான் வேண்டும் என்றான். இம்தியாஸ் அண்ணா, "உனுக்கு எந்தக் கண்ணாடி போட்டாலும் அதே மூஞ்சிதான்டா" என்றார். என் போட்டோவும் கேட்டார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, தங்கச்சிக்கு வெக்கம். விடுங்கடா. ஹேமா, ஒண்ணு பண்ணு. கழுத்துல ஒரு மெடலப் போட்டு விடு. கோல்டு."

மெடல் படம் ஒன்றைத் தேடி எடுத்து, ஓரம் வெட்டி, அண்ணன் கழுத்தில் மாட்டினேன். ஒட்டவைத்த மாதிரி தெரிந்தது. அதற்குக் கீழே பனியனில் லேசாக நிழல் கொடுத்தேன். நாடாவைக் கழுத்துக்குப் பின்னால் கொஞ்சம் மறைத்தேன். பிறகு பார்த்தால் நிஜமாகவே மெடல் வாங்கிய ஆளாகிவிட்டான்.

"யப்பா! உன் கைல இன்னா வித்தை கீது!" என்றார் இம்தியாஸ் அண்ணா. வெகுநாள் கழித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

போன் வரவில்லை. பசியோடு இருக்கும்போது பேச முடியாது என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தான். அம்மா பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் வேண்டிக்கொண்டாள். இம்தியாஸ் அண்ணா தர்காவிலிருந்து சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். ராணி அக்கா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாளாம்.

"மூணு பக்கமும் சொல்லியாச்சி. எங்கயாவது ஒரு பக்கம் கேக்கும்" என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

போட்டியை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்று இம்தியாஸ் அண்ணா கண்டுபிடித்தார். எங்கள் கடைத் திரைதான் பெரியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருவில் பாதிப் பேர் கடைக்குள் வந்துவிட்டார்கள். அம்மா அரை நாள் லீவு போட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மிஷின் ஓரம் நின்றேன்.

அறுபது கிலோ பிரிவு தொடங்கியது. ஒவ்வொருவராக வந்தார்கள். தூக்கினார்கள், போட்டார்கள். அண்ணன் வரவில்லை.

"நல்லா தூக்கறவன கடைசியிலதான் கூப்புடுவாங்க" என்றார் இம்தியாஸ் அண்ணா.

இன்னும் சிலர் வந்தார்கள். அப்புறம் படம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பையன் கம்பியை நெஞ்சளவில் பிடித்தபடி அசையாமல் நின்றான். "நெட்டு போச்சி, நெட்டு போச்சி" என்று கூச்சல். அந்தச் சமயம் என் போன் அதிர்ந்தது. அண்ணன்.

மை டப்பா அடுக்கி வைத்திருக்கும் சந்துக்குள் போனேன்.

"பாப்பா, எட கூடிடுச்சி."

நான் ஒரு மை டப்பாவின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம்தான். ஒரு மணி நேரம் டைம் குடுத்தாங்க. ஜாக்கெட் மேல ஜாக்கெட் போட்டுக்கினு ஓடுனேன். முடிய வெட்டிக்கினேன். எச்சி துப்பிக்கினே இருந்தேன். அப்பவும் காட்டுச்சி. பசி தாங்கல பாப்பா. ரெண்டு நாளா தண்ணிகூட அளந்துதான். ராத்திரி பையத் தொறந்தா நம்ம வூட்டு வாசன. ஒண்ணு எடுத்தேன். அப்புறம் நிக்கவே இல்ல."

அவன் அழுதான். அண்ணன் அழுது நான் கேட்டதில்லை. அப்பா செத்தபோதுகூட அவன் அழவில்லை.

"நீ சொல்லிடு பாப்பா. அம்மாகிட்ட, இம்தியாஸ்கிட்ட, எல்லார்கிட்டயும். என்னால முடியாது. மேளம், பட்டாசு ஒண்ணும் வேணாம்னு சொல்லிடு. சரியா?"

"சரி" என்றேன்.

வெளியே வந்தேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"லோகுதானே? இன்னா சொன்னான்?"

"முடிஞ்சிடுச்சாம்" என்றேன். பத்தாம் வகுப்பு அறையில் நிற்பது போலவே இருந்தது.

"ஜெயிச்சிட்டானா?" என்றார் இம்தியாஸ் அண்ணா.

நான் தலையைக் குனிந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் ராணி அக்கா கையைத் தட்டினாள். "பொண்ணு தலையக் குனிஞ்சா சம்மதம்னுதானே அர்த்தம்! அழுவுது பாரு, சந்தோஷத்துல!"

"டேய்ய்ய்!" என்று ஒரே சத்தம். யாரோ அம்மாவைத் தூக்கி நிறுத்தினார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையில் ஷூ கம்பெனிப் பசை நாற்றம் அடித்தது. வாசலில் சரவெடி வெடித்தார்கள். அம்மாவின் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

ஃபிளெக்ஸை இன்றே அடிக்கச் சொல்லிவிட்டார்கள். கோப்பைத் திறந்து, அளவு சரிபார்த்து, நானே பட்டனை அழுத்தினேன். மிஷின் இடமும் வலமுமாக ஓடி, அண்ணனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. முதலில் 'தாஷ்கண்டில் தங்கம் வென்ற' என்ற எழுத்து. பிறகு முடி, நெற்றி, கண். மெடல் வரும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அது பாதிதான் வந்திருந்தது.

காய்ந்ததும் ஓரம் மடித்து, கட்டுவதற்கு வளையம் அடித்தேன். ஒவ்வொரு வளையமும் சுத்தியல் அடி.

நேற்று ராத்திரி முழுதும் அண்ணன் போனை அணைத்து வைத்திருந்தான். வாழ்த்துச் சொல்ல யார் கூப்பிட்டாலும் கிடைக்கவில்லை. "பெரிய ஆளாயிட்டான், இனிமே அப்பாயின்மென்ட் வாங்கிட்டுத்தான் பேசணும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அம்மா கம்பெனியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாளாம். எப்போதும் திட்டுகிற சூப்பர்வைசர் கைகுலுக்கினாராம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னாள். சொல்லும்போது அவள் கையை அவளே பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

அண்ணன் பேசினான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பத்திரமா வந்தா போதும்னாங்க."

"இம்தியாஸ்?"

"அவரும் அதான் சொன்னாரு."

"நீ இல்லன்னா செத்திருப்பேன் பாப்பா" என்றான். வாழ்த்துச் சொல்கிறவர்கள் அவனைக் கூப்பிட்டுவிடுவார்களே என்று பயந்து, "போன இப்போ தொறக்காதண்ணா, ரெஸ்ட் எடு, ஏறும்போது எனக்கு மட்டும் சொல்லு" என்றேன். அவன் சரி என்றான்.

என் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தைகள் தடையில்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை. எல்லாம் பொய்.

நவம்பர் 17, திங்கள்

சாயங்காலம் குழாயடியில் அம்மா ராணி அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் குடத்தோடு பின்னால் நின்றது அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு பேரையும் தூக்கிவுட எனக்குத் தெம்பு இல்லக்கா. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற பொண்ணு. டீச்சர் வூடு தேடி வந்து கேட்டாங்க. ஒருத்தனையாவது ஏத்திவுடலாம்னு இவள நிறுத்துனேன். தெனமும் அது மூஞ்சப் பாக்கக் கஷ்டமா இருக்கும். இப்போதான் மனசு ஆறுது. வீணாப் போவல."

நான் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

முன்பு இதில் படிப்பு ஏறவில்லை என்று எழுதியிருந்தேன். பேச வராது என்பது நிஜம்தான். மற்றதை அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பையில் அம்மா கொடுத்த டப்பா ஒன்று. நான் வைத்தது ஒன்று. வேர்க்கடலை உருண்டை. அம்மா வேலைக்குப் போயிருந்தபோது நானே வெல்லப் பாகு காய்ச்சிச் செய்தேன். பாகு பதம் தவறி இளகிவிட்டது. ஷூவுக்குள் திணித்து வைத்தேன். வைக்கக் கூடாது என்று என்னிடம்தான் சொல்லியிருந்தான். அம்மாவுக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை, சரி. இதை என்னிடம் யார் கேட்டார்கள்? ஆசையாகத்தான் வைத்தேன். ஆசையாகத்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 18, செவ்வாய்

தெருமுனையில் ஃபிளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நாளை பிற்பகல் ரயில். மாஸ்டர் சென்னையிலேயே ஏதோ வேலையாகத் தங்கிவிடுவாராம். அண்ணன் தனியாகத்தான் வருவான்.

இம்தியாஸ் அண்ணாவிடம் சொல்லிவிடலாம் என்று ஆட்டோ ஸ்டாண்டு வரை போனேன்.

"இன்னா தங்கச்சி, தூக்கம் வரலியா? எனக்கும்தான்" என்று சிரித்தார். ஆட்டோவின் முன்னால் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா" என்றேன். "சொல்லு" என்றார். "பூ நல்லா கீது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை அவன் எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிக்கொண்டு இறங்குவான். எதிரே அந்த மெடல் இருக்கும். அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பாள். அப்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 19, புதன்

காலையில் கடையைத் திறந்ததும் அந்தக் கோப்பை எடுத்தேன். ஃபிளெக்ஸில் பெயர் தவறாகப் போய்விட்டால் முழுதும் மறுபடி அடிக்க மாட்டோம். அந்த இடத்துக்கு மட்டும் துண்டு அடித்து மேலே ஒட்டிவிடுவோம். ஒட்டு என்று சொல்வோம். மெடலை அழித்துவிட்டு, அண்ணனின் நெஞ்சை மட்டும், நீல பனியனோடு, ஒட்டாக அடித்தேன். 'தாஷ்கண்டில் தங்கம் வென்ற' என்று இருந்த இடத்துக்கு வெறும் வானம் ஒரு துண்டு.

"இன்னாம்மா, பேரு தப்பா?" என்றார் வேலாயுதம் அண்ணன்.

"தப்புண்ணே" என்றேன்.

சைக்கிள் கடையில் பஞ்சருக்கு ஒட்டுகிற சொல்யூஷன் டியூபை வாங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். தோரணம் கட்ட வைத்த மூங்கில் ஏணி அங்கேயே இருந்தது. தெருவே அங்கே இருந்தது. பேண்டு செட்காரர்கள் டிரம்முக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நான் ஏணியில் ஏறினேன்.

"ஏ ஹேமா, இன்னா பண்றே? எறங்கு, நான் ஒட்றேன்" என்று இம்தியாஸ் அண்ணா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லண்ணா."

முதலில் எழுத்தை மூடினேன். பிறகு மெடலை. ஒட்டு கொஞ்சம் கோணலாகப் போனது. உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன். அண்ணனின் நெஞ்சு முழுதும் தேய்த்தேன்.

"மெடலு எங்கடி?" இது ராணி அக்கா.

நான் ஏணிப் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"கேக்கல. சத்தமா சொல்லு" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல். அதற்குப் பயந்தே நான் வாய் திறந்ததில்லை. இங்கே இறங்கி ஓடவும் இடமில்லை. ஏணியின் அடியில் எல்லோரும் நின்றார்கள்.

"மெடல் இல்ல" என்றேன். "அண்ணன் வெளையாடவே இல்ல. எட கூடிடுச்சின்னு ஏத்தல. அன்னிக்கே எனக்குப் போன்ல சொல்லிடுச்சி. உங்களாண்ட சொல்லச் சொல்லுச்சி. நான் சொல்லல. அண்ணனாண்ட சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அது உங்க எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிக்கினு வருது. பைக்குள்ள உருண்ட வெச்சது நான்."

அம்மா கையிலிருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். அதைத் தரையில் வைத்தாள். பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒருவன், "மானம் போச்சிடா, ஊரு ஃபுல்லா ஸ்டேட்டஸ் வெச்சிட்டோமே" என்றான். இன்னொருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். என்னைத்தான். ராணி அக்கா மட்டும், "நான்தானே சம்மதம்னு சொன்னேன்" என்று தனக்குள் முனகினாள். நான் இறங்கும்வரை இம்தியாஸ் அண்ணா ஏணியை விடவில்லை. இறங்கியதும் விட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஹேமா" என்றார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

பேண்டு செட்டுக்காரர் மெதுவாக வந்து, "தம்பி, அப்போ வாசிக்கணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

இம்தியாஸ் அண்ணா ஃபிளெக்ஸைப் பார்த்தார். பூ கட்டிய ஆட்டோவைப் பார்த்தார். "வாசிங்க. ஊருக்கு வரான் இல்ல? பட்டாச மட்டும் உள்ள எடுத்து வைங்கடா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கினான். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. பேண்டு வாசிப்பதைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு ஃபிளெக்ஸைப் பார்த்தான். 'எங்கள் லோகநாதனை வரவேற்கிறோம்' என்று மட்டும் இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சிமா இவ்ளோ பண்ணியிருக்கீங்க?" என்று இம்தியாஸ் அண்ணாவைக் கட்டிக்கொண்டு அழுதான். இம்தியாஸ் அண்ணா அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் யாரும் சொல்லவில்லை. ராணி அக்கா தரையிலிருந்த தட்டை எடுத்து அவளே ஆரத்தி சுற்றினாள்.

நவம்பர் 20, வியாழன்

"அது இன்னா பாப்பா, நெஞ்சுல மட்டும் சதுரமா வேற நீலம்?" என்று அண்ணன் கேட்டான்.

சொன்னேன். முழுதும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அவன் கால் நகத்தைக் கிள்ளினான். பிறகு, "ரெண்டு டப்பா இருந்துச்சி" என்றான். "ஷூக்குள்ள இருந்தது யாருதுன்னு அப்பவே தெரியும். உருண்டையாவே இல்ல. எல்லாம் ஒட்டிக்கினு ஒரே கட்டியா இருந்துச்சி."

நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"அதான் மொதல்ல தீந்துது" என்றான்.

நவம்பர் 22, சனி

அம்மா இன்றும் என்னோடு பேசவில்லை. கம்பெனியில் அவளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். சூப்பர்வைசர் சிரித்தாராம். ராணி அக்கா சொல்லித்தான் தெரியும்.

ராத்திரி என் தட்டில் ஒரு முழு முட்டை வைத்தாள்.

நவம்பர் 27, வியாழன்

மூன்று நாளாக மழை. அண்ணன் திங்களிலிருந்து பயிற்சிக்குப் போகிறான். இம்தியாஸ் அண்ணா அவனை ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறார். என்னைப் பார்த்தால் ஹாரன் மட்டும் அடிக்கிறார்.

ஃபிளெக்ஸைக் கழற்றியதும் ராணி அக்கா கேட்டு வாங்கி அவள் வீட்டு ஒழுகும் கூரை மேல் போட்டுக்கொண்டாள். படம் மேல்பக்கமாக இருக்கிறது. எங்கள் மாடிப் படியில் நின்றால் அண்ணன் மல்லாந்து படுத்து மழையில் நனைவது போலத் தெரியும்.

இன்று காலை பார்த்தேன். சொல்யூஷன் ஊறி, ஒட்டு ஒரு பக்கம் உரிந்து மடங்கியிருந்தது. உள்ளே மெடல் அப்படியே இருக்கிறது. நான் கொடுத்த நிழல்கூட அப்படியே இருக்கிறது.

ராணி அக்கா கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். பக்கத்துக் குழாயில் நாலைந்து பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். அம்மாவும் இருந்தாள்.

"பாப்பா, அது உரிஞ்சி கெடக்குதே. இருக்கட்டுமா? மூடணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலை தானாகக் கீழே போகப் பார்த்தது. போக விடவில்லை.

"மூடணும்க்கா" என்றேன். கீழே குழாயடி வரை கேட்டது.

மழை விட்டதும் சொல்யூஷன் வாங்க வேண்டும்.